நடுப்பெட்டிக்குப் போன கொண்டைக்காரி

பார்லர் அக்காவுக்கு ஒரு நாணயம் எந்த நாட்டுடையது என்பது முக்கியமில்லை, எந்த வருஷத்தது என்பதும் முக்கியமில்லை. அதில் இருக்கிற பெண்மணிக்கு யார் தலை வாரிவிட்டார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கிறுக்கு பிடித்த நாளே வேடிக்கையான நாள். ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுக்கக் கல்லாவைத் திறந்தவள், இரண்டு நாணயங்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டிலும் ஒரே ராணியின் முகம். பழையதில் அவள் முடியை இழுத்து வாரிக் கட்டியிருந்தாள். புதியதில் கத்தரித்து, காதோரம் அலை அலையாக விட்டிருந்தாள். "யாரு இந்தம்மாவுக்கு வெட்டினது? பின்கழுத்துல கோட்டை விட்டிருக்காங்களே!" என்றாள் அக்கா. சில்லறைக்காகக் கை நீட்டிய வாடிக்கையாளர், கை வலித்து, அதை இறக்கிக்கொண்டார். அன்றிலிருந்து கொண்டை, பின்னல், சுருள், முன்நெற்றிக் குழல் என்று தலைதலையாகச் சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

அக்காவின் அழகு நிலையம் பெரிய தெருவில் இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, திறந்தால் மணி அடிக்கும். உள்ளே இரண்டு நாற்காலி. ஜன்னலோர நாற்காலியில் அக்கா வேலை பார்ப்பாள், அடுத்ததில் அவள் நாத்தனார். நாத்தனார் கைராசிக்காரி, வாய்க்கொழுப்புக்காரி, நல்ல மனசுக்காரி. ஒரே குறை, எந்த மூடியையும் முழுசாக மூடிய சரித்திரம் அவளுக்குக் கிடையாது. பற்பசையிலிருந்து நகப்பூச்சு வரைக்கும் எல்லா மூடியும் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். அக்கா கத்திப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் கைகழுவிவிட்டாள்.

பின்பக்கம் ஒரு சந்துக் கதவு உண்டு. அதற்கு மணி கிடையாது. அது யாருக்காக என்பதைப் பிறகு சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மாணவர்கள் வண்டியை மரத்தின் மேல் ஏற்றப் போகும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து உயிர் பிழைத்து வருகிறவர். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. அக்கா மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தால் போதும், அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அக்காதான் நிற்க மாட்டாள்.

ஊரில் நாணயம் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மரச்சாமான் கடை மாடியில் கூடுவார்கள். விற்காத நாற்காலிகளில்தான் உட்கார வேண்டும், கடைக்காரர் மேலுறை பிளாஸ்டிக்கைக் கழற்ற விடமாட்டார். யாராவது அசைந்தால் சரசரவென்று சத்தம் வரும். அதனால் முக்கியமான கட்டங்களில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக இருப்பார்கள். அக்கா சேர்ந்த அன்றே அவளுக்குக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசையைக் கொடுத்தார்கள். "என்னம்மா, இன்னிக்கு எந்தக் கொண்டை கொண்டாந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்கள், வெளியே வரும்போது பதிலைக் கேட்காமலே போய்விடுவார்கள். அக்காவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அந்த மாடி மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்கு, அடியில் கறுப்பு வெல்வெட். வருஷத்துக்கு ஒருமுறை பொதுமக்களுக்குக் கண்காட்சி வைக்கும்போது ஒரே ஒரு நாணயம் அதில் உட்காரும். எது என்று சங்கத் தலைவர்தான் முடிவுசெய்வார். அந்தப் பெட்டியைக் கடந்து கழிப்பறை மேசைக்குப் போகும்போதெல்லாம் அக்காவின் நடை கொஞ்சம் மெதுவாகும்.

தலைவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கும். நல்ல மனிதர், ஒரு விஷயத்தைத் தவிர. அந்த விஷயம் நிறம்.

வெள்ளி நாணயத்தைக் காகிதத்திலோ துணியிலோ பல வருஷம் மறந்துபோய் வைத்தால், காற்று பட்டுப் பட்டு அதில் நிறம் ஏறும். முதலில் தேன் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். அதைப் பார்த்தால் சேகரிப்பவர்களுக்குத் தலைகால் புரியாது. தலைகால் புரியாதவர்கள் இருக்கிற இடத்தில் குறுக்குவழிக்காரர்களும் இருப்பார்கள்தானே? சூடு காட்டுவார்கள், புகை போடுவார்கள், மருந்தில் முக்குவார்கள், ஐம்பது வருஷ வேலையை ஐந்து நாளில் முடித்துவிடுவார்கள். தலைவருக்கு இது கொலைக்குற்றம். "தானா வந்த நிறம் ஒரு வாழ்க்கை. ஏத்தின நிறம் ஒரு வேஷம்!" என்று மேசையைத் தட்டுவார். பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் ஒருமுறை நடுங்கும்.

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் மாட்டிக்கொண்டது அப்படித்தான். அவித்த முட்டையிலிருந்து வரும் கந்தக ஆவி படட்டும் என்று, அதோடு ஒரு நாணயத்தை டப்பாவில் அடைத்து வைத்து, மயில் நிறமாக்கிக் கொண்டுவந்தார். தலைவர் லென்ஸை எடுக்கவே இல்லை. முகர்ந்து பார்த்தார். "முட்டை!" என்று கத்தினார். அன்றோடு அந்த மனிதரின் பெயரே முட்டை என்றாகிவிட்டது. அவரையும் கழிப்பறை மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாளில் மண்டபத்திலேயே அதிகமாகச் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் அக்காதான். நாற்காலி உறை கிழியும் அளவுக்குச் சிரித்தாள். முட்டை அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பிஸ்கட்டில் பாதியை அவளுக்கு நீட்டினார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்குக் கொண்டைக்காரி கிடைத்தாள். பழைய பாத்திரக் கடையில் ஒரு கிண்ணத்துக்குள் கிடந்த வெள்ளி நாணயம். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், பின்னால் தளர்வாக முடிந்த கொண்டை, கொண்டையிலிருந்து நழுவிய ஒரே ஒரு இழை கழுத்தில். அந்த இழையைப் பார்த்துத்தான் அக்கா சொக்கிப்போனாள். "வேலை தெரிஞ்சவ போட்ட கொண்டைங்க இது. அந்த ஒரு முடியை வேணும்னே விட்டிருக்கா," என்று கணவரிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கால் தரையை அழுத்தியது. வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்று கடையில் தலைக்குப் போடும் மருந்துகள் வைக்கும் அலமாரி இழுப்பறையில், ஒரு மெல்லிய காகிதத்தில் வைத்தாள். வைத்துவிட்டு மறந்தும் போனாள், கல்யாண சீசன் அப்படி.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில், ஒரு பெண்ணுக்குப் பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது, சீப்பு தேடி அந்த இழுப்பறையைத் திறந்தாள். காகிதம் விலகியிருந்தது.

ஓரத்தில் தேன் நிறம். கன்னத்தில் ரோஜா. கொண்டைக்குள்ளே, மடிப்பு மடிப்பாக, மயில் கழுத்து நீலம். அந்த ஒற்றை இழை மட்டும் தங்கமாக மின்னியது.

அக்கா போட்ட கூச்சலில் பாதித் தலைக்காரி நாற்காலியிலிருந்து குதித்துவிட்டாள். "என்னக்கா, காதை வெட்டிட்டீங்களா?"

"உன் காது கெடக்கட்டும்டி, இவளைப் பாரு!"

அக்கா நாணயத்தோடு தெருவில் இறங்கினாள். பாதித் தலைக்காரி பின்னாலேயே துணியைப் போர்த்தியபடி ஓடினாள். பழக்கடை, செருப்புக்கடை, தபால் கொடுக்க வந்தவர், ஒருவரையும் விடவில்லை. நாத்தனார் வாசலில் நின்று, "அண்ணி, மீதி முடி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கொண்டைக்காரியை விரல்நுனியில் தூக்கினார். முதலில் முகர்ந்தார். மண்டபமே சிலையானது.

"ஷாம்பு வாசனை வருது," என்றார் சந்தேகமாக.

"அது என் கை சார்."

லென்ஸை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "நாப்பது வருஷம்," என்றார். "நாப்பது வருஷத்துக்குக் கம்மியா இப்படி ஒரு நிறம் வராது. இது மேல பூசினது இல்ல, உள்ள இறங்கினது. எந்தக் கையும் இதைச் செய்யல."

இரண்டு மாதத்துக்கு முன்னால் வெள்ளையாக இருந்தது சார் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்காக அந்த மண்டபத்தில் கை தட்டியது அதுதான் முதல் தடவை. திறந்த வாய் சிரிப்பாக மாறி, அப்படியே மூடிக்கொண்டது.

"இந்த வருஷம் நடுப்பெட்டி இவளுக்குத்தான்," என்றார் தலைவர்.

முட்டை ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நம்ம மேசையிலேருந்து ஒருத்தர் நடுப்பெட்டிக்குப் போறீங்கம்மா. எனக்கே போன மாதிரி இருக்கு."

அழைப்பிதழ் அடித்தார்கள். கொண்டைக்காரியின் படம் போட்டு, கீழே 'இயற்கை தீட்டிய அழகி' என்று எழுதியிருந்தது. அக்கா தன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தாள். முடி வெட்ட வந்தவர்களுக்குக் கொடுத்தாள், வழி கேட்க வந்தவருக்கும் கொடுத்தாள். கணவர் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். கண்காட்சிக்குப் போட்டுக்கொள்ள அக்கா புதுச்செருப்பு வாங்கி, கடைக்குள்ளேயே நடந்து பழகினாள்.

அப்போது வந்தாள் கிளிப்புக்காரி.

முடி சுருட்டிக்கொள்ள வந்தபோது ஒரு வெள்ளி கிளிப்பை விட்டுவிட்டுப் போயிருந்தாள். நாத்தனார் அதைப் பத்திரமாக அதே மருந்து அலமாரி இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள். இப்போது எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இது என்னுது இல்லையே," என்றாள் கிளிப்புக்காரி. "என்னுது வெள்ளை. இது என்ன, ஓரமெல்லாம் தேன் கலரு, நடுவுல நீலம்? ரொம்ப அழகா இருக்கு, ஆனா என்னுது இல்ல."

பின்பக்கம் திருப்பினால் அவள் பெயரின் முதல் எழுத்து பொறித்திருந்தது.

அக்கா மருந்து அலமாரிக்கு ஓடினாள். இழுப்பறையை முழுசாக இழுத்தாள். பின்மூலையில் முடியைச் சுருட்டுகிற லோஷன் பாட்டில். அழுகிய முட்டை வாடை கொஞ்சம் எட்டிப்பார்க்கும் அந்த லோஷன் அவள் மூக்குக்குப் பழகி, இருப்பதே தெரியாமல் போய்விட்ட ஒன்று. பாட்டிலின் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது.

"நீயாடி?" என்றாள்.

"நான் என்ன பண்ணேன் அண்ணி?" என்றாள் நாத்தனார். உண்மைதான், அவள் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் பிரச்சினை.

அக்காவுக்கு நம்ப மனமில்லை. கணவருக்கு ஒருமுறை விபத்தே நடக்காத பயிற்சியாளர் என்று கொடுத்த வெள்ளிப் பதக்கம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, பாட்டில் பக்கத்தில் வைத்து, மூடியைத் தளர்த்திவிட்டு, இழுப்பறையைச் சாத்தினாள். சில நாளில் பதக்கம் அந்திவானமாக வெளியே வந்தது. கணவருக்கு ஒரே குஷி. "அடடா! இது நல்லா இருக்கே!" என்று அதைக் காருக்குள் தொங்கவிட்டுக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய மாணவி ஒருத்தி நேராகக் குப்பைத்தொட்டியில் போய் இடித்தது வேறு கதை.

"நீ வேணும்னு பண்ணலையே," என்றார் கணவர். "தானாத்தானே வந்துச்சு? பாட்டில் மூடாம இருந்ததும் இயற்கைதான்."

"அப்படியா சொல்றீங்க?"

"உன் கை பட்டுச்சா?"

"படல."

"அப்புறம் என்ன?"

அந்தப் பதில் அக்காவுக்குத் தேனாக இனித்தது. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் ராத்திரி படுத்தால், பிஸ்கட்டில் பாதியை நீட்டிய முட்டையின் கை கண்முன் வரும். முட்டைக்காரர் முட்டை வைத்தார், அவள் லோஷன் வைத்தாள். அவர் தெரிந்து செய்தார், இவள் தெரியாமல் செய்தாள். சரி, இப்போது தெரிந்துவிட்டதே? சொன்னால் நடுப்பெட்டி போகும். தெருவே சிரிக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று, அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? லோஷன் என்று கூப்பிட்டால் காலம் முழுக்க லோஷன்தான்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், கடை விடுமுறை நாளில், சந்துக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. அக்கா திறந்தாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தலைவர் நுழைந்தார்.

ஆமாம். அந்தக் கதவு அவருக்காகத்தான். மாதம் தவறாமல் வந்து தலைக்கு டை அடித்துக்கொண்டு, இருட்டிய பிறகு சந்து வழியாகவே போய்விடுவார். அவருடைய வீட்டுக்காரம்மாவுக்குக்கூட அது பரம்பரைக் கறுப்பு என்றுதான் நினைப்பு. அக்காவும், விஷயம் தெரிந்த நாத்தனாரும் இதுவரை வெளியில் மூச்சு விட்டதில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

டை பூசி, தலையைச் சுற்றி பிளாஸ்டிக் உறை மாட்டினாள். தலைவர் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து முழங்கினார். "இந்தக் காலத்துல எங்க பார்த்தாலும் ஏத்தின நிறம்தாம்மா! ஜனங்களுக்கு வெக்கமே இல்ல! ஒரு நாணயம் தன் வயசைத் தானே காட்டணும். அதுதான் அதோட கௌரவம்."

நெற்றியில் ஒரு கறுப்புச் சொட்டு இறங்கியது. அக்கா துடைத்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள், கூடவே ஒரு கேள்வி தொண்டைக்கு வந்துவிட்டது.

"சார், ஒரு சந்தேகம். யாரும் வேணும்னு பண்ணல, ஆனா பக்கத்துல இருந்த ஏதோ ஒண்ணால நிறம் வந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. அது தானா வந்ததா, ஏத்தினதா?"

தலைவர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது உறை சரசரத்தது. "தெரியாம நடந்தா குத்தமில்லம்மா. ஆனா தெரிஞ்சப்புறமும் சொல்லாம வெச்சிருந்தா, அந்த நிமிஷத்துலேருந்து அது வேஷம்தான்."

சொல்லி முடித்ததும் எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் பிளாஸ்டிக் குல்லாய் போட்ட ஒருவர் இருந்தார். தலைவர் மறுபடி கூரையைப் பார்த்தார். அக்கா தண்ணீரைத் திறந்துவிட்டாள். இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், ஆசை. வேறு காரணமே இல்லை.

கண்காட்சி அன்று மாடியில் எள் போட்டால் கீழே விழாது. அக்காவின் வாடிக்கையாளர்கள் விதவிதமான தலைகளோடு வந்திருந்தார்கள். பாதித் தலைக்காரி இப்போது முழுத் தலையோடு வந்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில், கறுப்பு வெல்வெட்டில், கொண்டைக்காரி ஜொலித்தாள். அக்கா புதுச்செருப்பு கீச்சிட அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் ஒரேயடியாக அனுபவித்ததில்லை, அது ஒவ்வொரு சுற்றுக்கும் முள்ளாகவும் குத்தியது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்த நிறம் எப்படி வந்ததுன்னு இதோட சொந்தக்காரம்மாவே நாலு வார்த்தை சொல்வாங்க."

மைக் கைக்கு வந்தது. அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். கழிப்பறை மேசையில், பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, முட்டை தனியாக உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் கைதட்டத் தயாராக இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தார். அவ்வளவுதான், அக்காவுக்கு மூடி கழன்றுகொண்டது.

"இந்த நிறம் இயற்கை இல்லைங்க," என்றாள். "இது என் நாத்தனாரோட இயற்கை. அவ பொறந்ததுலேருந்து எந்த மூடியையும் மூடினதில்ல."

முன்வரிசையில் கணவரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வண்டி நிற்கவில்லை.

"முடி சுருட்டுற லோஷன் பக்கத்துல இவளை வெச்சுட்டேன். நாப்பது வருஷம் இல்லைங்க, ரெண்டு மாசம். ஒரு கிளிப்பும் இதே மாதிரி ஆச்சு, எங்க வீட்டுக்காரர் பதக்கமும் ஆச்சு. அது கார்ல தொங்குது, சந்தேகம் இருந்தா கீழ போய்ப் பாருங்க. போன வருஷம் முட்டை சாரைப் பார்த்து அதிகமா சிரிச்சது நான்தான். அவராவது முட்டையை அவிச்சு, டப்பால அடைச்சு, உழைச்சாரு. நான் தூங்கிக்கிட்டிருந்தேன்!"

மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் உறைகூட அசையவில்லை.

தலைவரின் முகம் சிவந்தது. "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கண்காட்சிக்கு முன்னாடியே தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஆசை சார். நடுப்பெட்டி மேல ஆசை." அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே என்ன காரணத்தாலோ சிரிப்பும் வந்தது. "ஆனா நீங்கதானே சொன்னீங்க, தெரிஞ்சப்புறமும் சொல்லாம இருந்தா அது வேஷம்னு. அதான் சொல்லிட்டேன்."

"நானா? எப்பச் சொன்னேன்? எங்க வெச்சுச் சொன்னேன்?"

கூட்டம் முழுக்க அக்காவைப் பார்த்தது. தலைவருக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. சிவப்பு இறங்கி முகம் வெளுத்தது. காதுக்குப் பின்னால், அக்கா சரியாகத் துடைக்காமல் விட்ட ஒரு சின்னக் கறுப்புக் கறை இருந்தது. "சொல்லுங்க அண்ணி, சொல்லுங்க!" என்று நாத்தனார் பின்னாலிருந்து கிள்ளினாள்.

அக்கா அந்தத் தலையை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல வேலை, ஒரு வெள்ளை முடி தெரியவில்லை.

"ஞாபகம் இல்லைங்க சார்," என்றாள்.

பெட்டியை அவளே திறந்தாள். கொண்டைக்காரியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பு கீச்சிட, கூட்டத்தைக் கடந்து கழிப்பறை மேசைக்குப் போனாள். முட்டை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு மாசம்! லோஷன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். முடி வெட்டிக்கொள்ள வருகிற பெண்கள் சிரித்தார்கள், பிளாஸ்டிக் உறைகள் சிரித்தன, முழு மண்டபமும் தொற்றிக்கொண்டது.

முட்டையிடம் பேனா வாங்கி அக்கா ஒரு அட்டையில் எழுதி வைத்தாள்: 'கொண்டைக்காரி. நிறம் தந்தது: அழகு நிலைய மருந்து அலமாரி. உதவி: நாத்தனார்.' முட்டை அதைப் படித்தார். பிறகு தன் பையிலிருந்து, யாருக்கும் காட்டாமல் இத்தனை நாள் வைத்திருந்த அந்த மயில் நிற நாணயத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தனக்கும் ஒரு அட்டை எழுதிக்கொண்டார்: 'நிறம் தந்தது: அவித்த முட்டை.' அடியில், 'நன்றாக அவித்தது' என்று சேர்த்தார்.

தலைவர் காலியான நடுப்பெட்டியில் தன்னுடைய ஒரு வெள்ளை நாணயத்தை வைத்தார். ஒரு ஈ கூட எட்டிப்பார்க்கவில்லை. கூட்டம் முழுக்கக் கழிப்பறை மேசையைச் சுற்றித்தான். உண்மையிலேயே கழிப்பறைக்குப் போக வந்த ஒரு பெரியவர் வரிசையில் மாட்டிக்கொண்டு, நாணயத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக முடிந்தது.

அடுத்த மாதம், அவர் வழக்கமாக வரும் விடுமுறை நாளில் அக்கா சந்துக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வாடிக்கையாளர் போய்விட்டார் என்று அவளுக்கு வருத்தம், மனுஷர் போய்விட்டார் என்று அதைவிட வருத்தம். "டை போட வேற இடம் பார்த்துக்கிட்டாரு போல," என்றாள் நாத்தனார். கொண்டைக்காரியை அக்கா இப்போது கடைக் கண்ணாடியின் ஓரத்தில், அட்டையோடு வைத்திருந்தாள்.

ஒரு நெரிசலான நாள். இரண்டு நாற்காலியிலும் ஆள், காத்திருக்கும் பெஞ்சிலும் ஆள். முன்கதவு மணி அடித்தது. தலைவர் உள்ளே வந்தார். தலையில் துண்டு இல்லை. வகிடு முழுக்க, விரல் அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று வேர் தெரிந்தது. உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, தன் முறை வரும்வரை பத்திரிகை படித்தார். முறை வந்ததும் ஜன்னலோர நாற்காலியில், தெருவுக்கே தெரியும்படி உட்கார்ந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த கொண்டைக்காரியையும் அவளுடைய அட்டையையும் பார்த்தார்.

அக்கா குனிந்து அவர் காதில், "வழக்கமான கறுப்புதானே சார்?" என்று கிசுகிசுத்தாள்.

"எதுக்கும்மா கிசுகிசுப்பு?" என்றார் தலைவர். காதோரமெல்லாம் சிவந்திருந்தது, ஆனாலும் குரல் மேசையைத் தட்டும்போது வருகிற அதே குரல். "கறுப்புதான். சத்தமாவே கேளுங்க."

அக்காவுக்கு வந்த சந்தோஷத்தில் எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். "அம்மாடி, தலைவர் சாருக்கு டை எடுடீ! கறுப்பு!"

நாத்தனார் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மூடி வழியிலேயே கழன்று உருண்டது.